குப்பை லொறிக்கான காசு எங்கிருந்து போகிறது? கொழும்பு வாசகர்களின் கேள்விகள்

வீட்டுக்கும் காணிக்கும் மாநகர சபை அறவிடும் சோலைவரியைக் கட்டும் காலம் வந்தாலே குப்பையைப் பற்றியும் கேள்விகள் வரும். பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

குப்பைக்கென்று எனக்குப் பில் எதுவும் வருவதில்லை. அப்படியென்றால் இலவசம்தானே? (வெள்ளவத்தை)

இல்லை, நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கரண்டுக்கும் தண்ணீருக்கும் வருவது மாதிரித் தனிப் பில் வராததால் அப்படித் தெரிகிறது. சோலைவரி, கடைகளின் உரிமக் கட்டணம், காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியில் ஒரு பங்கு என்று மாநகர சபைக்கு வரும் காசெல்லாம் ஒன்றாகச் சேர்கிறது. வீட்டுக் குப்பை எடுக்கும் செலவும் தெருவிளக்கு, வடிகால், ஊழியர் சம்பளம் எல்லாமும் அதிலிருந்துதான் போகின்றன. உங்கள் ரசீதைப் பார்த்து இதில் இவ்வளவு குப்பைக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. குப்பையை அகற்றுவது சபையின் கடமை என்று 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆகவே லொறி வராவிட்டால் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சரி, அந்தச் சோலைவரியை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து ஒரு ஆண்டுப் பெறுமதி போடுவார்கள். அதில் சபை தீர்மானிக்கும் வீதம்தான் உங்கள் வரி. கணக்கு விளங்குவதற்காக மட்டும், பெறுமதி 60,000 ரூபா, வரி 20 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12,000, காலாண்டுக்கு 3,000. முழு வருடத்தையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் குறைந்து 10,800தான் வரும். காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம் குறையும். கையில் காசு இருந்தால் ஜனவரியை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கணக்கில் குப்பை எங்கேயுமே வரவில்லை, கவனித்தீர்களா? தனியாக இருந்துகொண்டு காய்கறித் தோலைக்கூட மரத்தடியில் புதைக்கும் ஒரு அம்மாவும், பக்கத்தில் அதே அளவு வீட்டில் தினமும் மூன்று சொப்பிங் பேக் நிறையக் குப்பை போடும் குடும்பமும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சியோலில் 1995இலிருந்தும் தாய்பேயில் 2000இலிருந்தும் குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கூடப் போடுபவர் கூடக் கட்டுவார். ஆனால் அதை அப்படியே நாளைக்குக் கொழும்பில் கொண்டுவந்தால் அந்தப் பைகள் கால்வாய்க்குள்தான் போகும். லொறி நுழைய முடியாத முடுக்குகளிலும் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளிலும் முதலில் ஒழுங்காகக் குப்பை எடுக்கட்டும், அப்புறம் பைக்கு விலை வைப்பதைப் பற்றிப் பேசலாம்.

அதே ஒழுங்கையில் என் வீட்டுக்கு மட்டும் பெறுமதி கூடப் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது? (பம்பலப்பிட்டி)

அறிவித்தலில் உள்ள திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வரி கூட என்று புலம்பி எழுதினால் எடுபடாது. பக்கத்தில் அதே அளவு வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன, உங்கள் வீட்டில் என்ன குறை என்று எழுதுங்கள். பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை வரியைக் கட்டாமல் நிறுத்தவும் வேண்டாம்.

குப்பை எடுக்க வருபவர் மாதா மாதம் காசு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? (கொட்டாஞ்சேனை)

சாதாரண வீட்டுக் குப்பைக்குக் கொடுக்கத் தேவையில்லை. அவருக்குச் சபையோ சபை ஒப்பந்தம் கொடுத்த கம்பனியோதான் சம்பளம் கொடுக்கிறது. பெருநாளுக்குச் சந்தோசமாக ஏதாவது கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் தராவிட்டால் எடுக்க மாட்டேன் என்றால் முறையிடுங்கள். வீடு திருத்திய கல், மண் வேறு விஷயம். அதை வீட்டுக் குப்பையோடு சேர்த்துப் போடக் கூடாது, அகற்ற நீங்கள்தான் தனியாக ஒழுங்கு செய்ய வேண்டும்.

மக்கும் குப்பையை வேறாகப் பிரித்துப் போடுவதால் யாருக்கு லாபம்?

உங்களுக்குத்தான். குப்பையை ஏற்றி இறக்கும் செலவு பெரும்பாலும் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. நம்முடைய குப்பையில் பாதிக்கு மேல் சோறு, கறி, தேங்காய்ப்பூ, இளநீர்க் கோம்பை. லொறிக்குள் அமுக்கும்போது கறுப்புத் தண்ணீர் வடிந்து வீதியெல்லாம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தண்ணீரின் எடையைச் சுமக்கவும் டீசல் வேண்டும். கெரவலப்பிட்டியில் 2021இலிருந்து குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், ஈரக் குப்பை அங்கேயும் சரியாக எரியாது. முன்பு நகர எல்லைக்கு வெளியே மீதொட்டமுல்லையில் கொட்டியபோது செலவு குறைவு போலத்தான் தெரிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் அந்தக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாம் கட்டாமல் விட்ட காசுக்கு அங்கே குடியிருந்த ஏழைகள் உயிரைக் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுப்பது 2016 நவம்பரிலிருந்து கட்டாயம், தயவுசெய்து செய்யுங்கள்.

வாடகைக்கு இருக்கிறேன், வரி யார் கட்டுவது?

ஒப்பந்தத்தில் எழுதியபடி. வரி வீட்டின் மேல் விழுவது, நிலுவையும் வீட்டோடு போகும். வீடு வாங்குபவர்கள் உறுதி எழுதுமுன் அதைப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் குப்பைக்கு எவ்வளவு செலவாகிறது என்று அறிய வழி உண்டா? (முகத்துவாரம்)

உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பொதுவாகக் கேட்காமல் கடந்த வருடம் உங்கள் வட்டாரத்தில் எத்தனை தொன் எடுத்தார்கள், ஒப்பந்தக்காரருக்குத் தொன்னுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கிழமையில் எந்த நாட்களில் லொறி வர வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.