வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பிய தலைமை நீதிபதி: ரோஸ் பேர்ட் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 1977-ல் தலைமை நீதிபதியாகி 1986-ல் வாக்காளர்களின் ஓட்டால் பதவி இழந்த ரோஸ் பேர்ட் (1936–1999) பற்றி வந்த கேள்விகள் இவை. சட்டம் படித்தவன், அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளை விரும்பி வாசிப்பவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

கே (மதுரை): உச்ச நீதிமன்றம் நாட்டுக்கு ஒன்றுதானே? மாநிலத்துக்கு ஒன்று எப்படி?

நம் ஊர் ஏற்பாடு வேறு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், கீழிருந்து மேல்வரை தனி நீதிமன்றங்கள். மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்வதுதான் கடைசி வார்த்தை. நாட்டின் அரசியல் சட்டமோ மத்தியச் சட்டமோ சம்பந்தப்பட்டால்தான் வழக்கு வாஷிங்டனில் உள்ள நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம்!

கே (கோவை): தலைமை நீதிபதி ஆவதற்கு முன் பேர்ட் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அரிசோனாவில் பிறந்து, நியூயார்க்கில் அம்மாவின் உழைப்பில் வளர்ந்தவர். 1965-ல் பெர்க்லியில் சட்டம் முடித்தார். அப்புறம் சான்டா கிளாரா மாவட்டத்தில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடும் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே அவர்தான் முதல் பெண் வக்கீல். ஸ்டான்ஃபோர்டில் பாடமும் நடத்தினார்.

1975-ல் ஆளுநர் ஜெரி பிரவுன் அவரை வேளாண்மைத் துறைக்குப் பொறுப்பாக அமைச்சரவையில் சேர்த்தார். (இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவன் ஆளுநர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி.) பண்ணைத் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பு நடத்திச் சங்கம் அமைக்க உரிமை தந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேர்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நாள் முழுக்க முதுகை வளைத்தே வேலை செய்ய வைத்த குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்துக்குத் தடை வந்ததும் அதே ஆண்டுதான். பெரிய பண்ணை முதலாளிகளின் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1977-ல் பிரவுன் அவரை நேரே தலைமை நீதிபதியாக நியமித்தார். அப்போது வயது 40. ஒப்புதல் தரவேண்டிய மூவர் குழுவில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தேறினார்.

கே (சேலம்): நீதிபதிக்கு எதற்கு ஓட்டு? யாரை எதிர்த்து நிற்பார்?

யாரையும் எதிர்த்து இல்லை. நியமனம் ஆளுநர் கையில். ஆனால் அடுத்த ஆளுநர் தேர்தலின்போது வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி வரும்: இவர் பதவியில் தொடரலாமா, ஆம் அல்லது இல்லை. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. இடையில் காலியான இடத்துக்கு வந்தவர் முன்னவர் விட்டுப்போன மீதிக் காலத்தைத்தான் முடிப்பார், பிறகு மறுபடி ஓட்டு. அதனால்தான் பேர்ட் 1978, 1986 என்று இருமுறை மக்களைச் சந்திக்க வேண்டிவந்தது. முதல் முறை 51.7 சதவீதம், மயிரிழையில் தப்பினார்.

எல்லா மாநிலத்திலும் இந்த முறை இல்லை. டெக்சாஸில் நீதிபதிகள் கட்சி சார்பிலேயே போட்டியிடுகிறார்கள். ரோட் ஐலண்டில் ஆயுள் முழுக்கப் பதவி.

கே (திருநெல்வேலி): பேர்ட் முன் வந்தவை 61 மரண தண்டனை வழக்குகள், 61-லும் தண்டனையை ரத்து செய்யவே அவர் ஓட்டு. இது தீர்ப்பா, பிடிவாதமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் மரண தண்டனை விதித்தால் மேல்முறையீடு தானாகவே மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிடும். இடையில் வேறு நீதிமன்றம் கிடையாது. 1977-லும் 1978-லும் கொண்டுவந்த மரண தண்டனைச் சட்டங்கள் புதுசு, வாசகங்கள் பல இடத்தில் குழப்பம். அவற்றுக்குப் பொருள் சொல்லும் வேலை இந்த நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தலையில் விழுந்தது. 1983-ல் கார்லோஸ் வழக்கில், கொள்ளை போன்ற குற்றத்தின் நடுவே உயிர் போயிருந்தால், கொல்லும் எண்ணம் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபித்தால்தான் மரண தண்டனை செல்லும் என்றது நீதிமன்றம். ஜூரிகளிடம் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) அந்தக் கேள்வியே கேட்கப்படாத பழைய வழக்குகள் வரிசையாகச் சரிந்தன. பெரும்பாலான ரத்துகளில் பேர்டோடு மற்ற நீதிபதிகளும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டார்கள். இதையெல்லாம் விளம்பரத்தில் யார் சொல்வார்கள்?

ஆனாலும் ஒன்று. 61-க்கு 61 என்ற கணக்கை எந்தச் சட்ட விளக்கத்தாலும் சாதாரண வாக்காளருக்குப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு தீர்ப்பையும் தனியாக எடுத்தால் காரணம் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் முடிவு முன்பே தயாராக இருந்ததோ என்று எனக்கே தோன்றுவதுண்டு.

கே (சென்னை): 1986 தோல்விக்கு அது மட்டும்தான் காரணமா?

மேடையில் பேசப்பட்டது அதுதான். ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1977 மரண தண்டனைச் சட்டத்தை மாநில செனட்டராகக் கொண்டுவந்தவரே அவர்தான். கொலையுண்டவர்களின் குடும்பத்தார் தொலைக்காட்சி விளம்பரங்களில் பேசினார்கள். தொழிலாளர், வாடகைதாரர், நுகர்வோர் பக்கம் சாய்ந்த தீர்ப்புகளால் எரிச்சலடைந்த வியாபாரத் தரப்பும் பின்னால் நின்றது.

1978-ன் கறையும் கூடவே வந்தது. துப்பாக்கிக் குற்றம் பற்றிய டேனர் வழக்குத் தீர்ப்பைத் தேர்தலுக்காகத் தள்ளிவைத்தார்கள் என்று வாக்குப்பதிவு நாளிலேயே செய்தி வந்தது. அடுத்த ஆண்டு விசாரணை நடந்தது, யார்மீதும் குற்றச்சாட்டு வரவில்லை. சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது.

முடிவு: ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் 'இல்லை' என்றார்கள். கூடவே குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் இருவரும் போனார்கள். ரெய்னோசோ அந்த நீதிமன்றத்தின் முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நீதிபதி. எனக்கு இந்த இருவர் விஷயத்தில்தான் வருத்தம் அதிகம். பேர்டுக்கு விழுந்த அடி இவர்கள்மீதும் பட்டது.

கே (திருச்சி): அவர் போனதும் சட்டம் மாறியதா?

வேகமாகவே. டியூக்மேஜியன் தன் பழைய சட்ட அலுவலகக் கூட்டாளி மால்கம் லூகாஸைத் தலைமை நீதிபதியாக்கினார். 1987-லேயே ஆண்டர்சன் வழக்கில் கார்லோஸ் தீர்ப்பு கைவிடப்பட்டது. ஆனால் தண்டனை நிறைவேற்றம் அவ்வளவு வேகமாக வரவில்லை. 1967-க்குப் பிறகு கலிபோர்னியாவில் முதல் மரண தண்டனை 1992-ல்தான் நிறைவேறியது, பேர்ட் பதவி இழந்து ஐந்து ஆண்டு கழித்து.

கே (ஈரோடு): வழக்குகளை இழுத்தடிப்பதைத் தடுக்க அங்கே வழி உண்டா?

உண்டு. வழக்கு தீர்ப்புக்கு ஒதுக்கப்பட்ட 90 நாளுக்குள் தீர்ப்பு வராவிட்டால் நீதிபதிக்குச் சம்பளம் நிற்கும். மாநில அரசியல் சட்டத்திலேயே இது இருக்கிறது.

கே (புதுச்சேரி): பதவி போன பிறகு என்ன செய்தார்?

கொஞ்ச நாள் தொலைக்காட்சியில் கருத்துச் சொன்னார், ஆஸ்திரேலியாவில் பாடம் நடத்தினார். பெரிய சட்ட நிறுவனம் எதுவும் கதவைத் திறக்கவில்லை. பிறகு கிழக்கு பாலோ ஆல்டோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி மையத்துக்குப் போய், தான் யார் என்று சொல்லாமலே தன்னார்வலராகச் சேர்ந்தார். கொடுத்த வேலை ஜெராக்ஸ் எடுப்பது. அதையும் செய்தார். 1976-லிருந்தே மார்பகப் புற்றுநோயோடு போராடியவர். 1999 டிசம்பரில் 63 வயதில் அந்த நோயால்தான் இறந்தார்.

கே (கரூர்): அவருக்குப் பின் யாராவது இப்படித் தோற்றார்களா?

கலிபோர்னியாவில் இல்லை. அயோவாவில் உண்டு. ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்த 2009 தீர்ப்புக்காக, 2010-ல் மூன்று நீதிபதிகளை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.