பிரெஞ்சு ஆல்ப்ஸில் ரோடு சைக்கிள் ஓட்ட 5 நாள் இருக்கிறது. கலிபியே, அல்ப் துவேஸ் இரண்டும் முடியுமா? எந்தப் பாதை, எந்த கியர்?

முடியும். சமதரையில் 100 கி.மீ. ஓட்டுவேன், மலை அனுபவம் குறைவு, ஜூலையில் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பூர் துவாசான் என்ற சிற்றூரில் தங்குங்கள். கிரெனோபிளிலிருந்து 50 கி.மீ. தூரம், பேருந்து உண்டு, நல்ல ரோடு சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கும். நீங்கள் கேட்ட கலிபியே கணவாய், அல்ப் துவேஸ் மலைச்சாலை என்ற இரண்டு ஏற்றமும் அங்கிருந்து எட்டும் தூரம்தான்.

பாதைக்கு முன்னால் கியரைப் பேசிவிடுவோம். இந்த மலைகளில் பாதிப் பேர் கால் வலுவில்லாமல் இறங்குவதில்லை, கியர் போதாமல்தான் இறங்குகிறார்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை 8 சதவீதச் சரிவு. முன் பற்சக்கரத்தில் 39 பல், பின் பற்சக்கரத்தில் 25 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 மிதி மிதிக்கவே சுமார் 230 வாட் தேவைப்படும். முன்னும் பின்னும் 34 என்றால் அதே 60 மிதிக்கு 145 வாட் போதும். வேகம் மணிக்கு 7.5 கி.மீ.தான், ஆனால் அதை மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். 230 வாட்டை முதல் நாள் அரை மணி நேரம் தள்ளலாம், மூன்றாம் நாள் முழங்கால் பதில் சொல்லும். ஆகவே முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பற்சக்கரம் (50/34), பின்னால் 11 முதல் 34 பல் வரை உள்ள பற்சக்கர அடுக்கு (11-34 கேசட்) கேளுங்கள்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதாக இருந்தால், கேசட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். பின் டிரெய்லியர், அதாவது செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி, குட்டைக் கூண்டு வகையாக இருந்தால் 34 பல்லைத் தாங்காது. பழைய செயினின் நீளமும் போதாது. முன்னால் பெரிய பற்சக்கரம், பின்னால் பெரிய பற்சக்கரம் என்று தவறிப்போய் மாற்றிவிட்டால் செயின் விறைத்து டிரெய்லியரையே பிய்த்துவிடும். செயினை அந்த இரண்டு பெரிய பற்சக்கரங்களின் மேலும் டிரெய்லியரில் நுழைக்காமல் நேராகச் சுற்றிப் பார்த்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக்தான் முன் சக்கரத்துக்கு. பிரான்சில் வாடகைக்குத் தரும் சைக்கிளில் முன் பிரேக் இடக்கையில் இருக்கும். வண்டிகள் போவதும் சாலையின் வலப்பக்கம். கடையிலேயே முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி எந்தக் கை எதை நிறுத்துகிறது என்று பாருங்கள். பிறகு ஊருக்குள்ளேயே பத்து முறை நிறுத்திப் பழகிவிட்டு மலையேறுங்கள்.

முதல் நாளே அல்ப் துவேஸுக்குப் போகாதீர்கள். அதன் அடிவாரத்திலிருந்து 16-ஆம் எண் வளைவு வரை (எண்கள் கீழே 21-இல் தொடங்கும்) ஏறி, லா கார்த் கிராமத்தில் பிரிந்து ஓரிஸ் நோக்கிப் போகும் சாலையைப் பிடியுங்கள். பாறையைக் குடைந்து விளிம்பில் போட்ட குறுகிய சாலை, ஓரத்தில் உயரம் குறைந்த சுவர் மட்டும், கீழே நேரே பள்ளத்தாக்கு. வண்டி நடமாட்டம் மிகக் குறைவு. இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு சாலைதான் ஓட்டலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அல்ப் துவேஸின் மிகச் செங்குத்தான பகுதியும் இந்த முதல் சில வளைவுகளில்தான் இருக்கிறது. அதனால் மறுநாளுக்கு ஒத்திகையும் ஆகிவிடும்.

அல்ப் துவேஸ் முழு ஏற்றம் 13.8 கி.மீ., சராசரி 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் கீழிருந்து மேலே குறைந்துகொண்டே வரும். டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1952-இல் முதன்முதலாக இங்கே ஏறியபோது வென்றவர் ஃபாவுஸ்தோ கொப்பி. வளைவுப் பலகைகளில் இங்கே வென்றவர்களின் பெயர்களைப் பார்க்கலாம். முதல் 2 கி.மீ. 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அங்கே உற்சாகத்தில் மூச்சை இழந்தால் மிச்சமுள்ள 12 கி.மீ.யும் தண்டனை. வளைவுகளில் சாலை கொஞ்சம் தட்டையாகும், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது மலையின் பின்புறமுள்ள சாரென் கணவாய் வழி அழகானது, ஆனால் தார் கரடுமுரடு. காய்ந்த நாளில் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அடுத்தது பெரிய சுற்று. பூர் துவாசான், க்ருவா த ஃபேர் கணவாய், மோரியென் பள்ளத்தாக்கு, டெலிகிராஃப், கலிபியே, லோத்தாரே கணவாய்கள், மறுபடி பூர் துவாசான். மொத்தம் சுமார் 160 கி.மீ. இதை ஒரே நாளில் முடிக்கலாம் என்று பலரும் எழுதுவார்கள். நீங்கள் செய்யாதீர்கள். சென் மிஷெல் த மோரியென் ஊரில் ஓர் இரவு தங்கி இரண்டாக வெட்டுங்கள், தலா 80 கி.மீ. வரும். ஒரே நாளில் போனால் கலிபியேவின் கடைசி 8 கி.மீ.யில் நீங்கள் திணறுவது பிற்பகலாக இருக்கும், ஜூலையில் இடிமழை கட்டுவதும் அதே நேரம்தான். வெட்டினால் அதிகாலைக் குளிரில், ஓய்வெடுத்த காலோடு டெலிகிராஃபைத் தொடங்கலாம்.

திசையை மாற்றாதீர்கள். வெயில் ஏற ஏற இந்தப் பள்ளத்தாக்குகளில் காற்று கீழிருந்து மேலாக வீசும். க்ருவா த ஃபேர் இறங்கி மோரியென் பள்ளத்தாக்கின் சென் ஜான் ஊரிலிருந்து சென் மிஷெல் போகும்போது அது முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் சுற்றினால் அதே 14 கி.மீ. லாரிகள் ஓடும் சாலையில் முகத்தில் அறையும். லோத்தாரேயிலிருந்து பூர் துவாசானுக்கு இறங்கும் 38 கி.மீ.யிலும் பிற்பகலில் எதிர்காற்றுதான், அங்கே மதியத்துக்குள் வந்துவிடுவது நல்லது. அந்தச் சாலையில் சுரங்கப் பாதைகள் உண்டு, முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

சராசரிச் சரிவை நம்பி ஏமாறும் இடம் க்ருவா த ஃபேர். ஏற்றம் தொடங்கும் அல்மோன் ஊரிலிருந்து 27 கி.மீ.க்குச் சராசரி 5 சதவீதம்தான். ஆனால் லு ரிவியே கிராமத்தைத் தாண்டியதும் சாலை ஓடைக்குள் இறங்கி, உடனே 10 சதவீதத்துக்கு மேல் எழும். கிரான் மேசோன் அணைக்குப் பிறகும் ஓர் இறக்கம் வரும். ஏறிய உயரத்தை இழந்து மறுபடி ஏறுகிறீர்கள். கலிபியேவும் இப்படித்தான். சென் மிஷெலிலிருந்து உச்சி 35 கி.மீ., இடையில் டெலிகிராஃபிலிருந்து வல்லுவாருக்கு 5 கி.மீ. இறக்கம். வல்லுவாரில் நின்று சாப்பிட்டு இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள். அதற்குப் பிறகு பெரிய ஊர் இல்லை. பிளான் லஷா பாலத்தில் சாலை சட்டென்று வலப்பக்கம் திரும்பி மலைமேல் ஏறத் தொடங்கும், கடினமான பகுதி அங்கிருந்துதான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள சுரங்கப் பாதை கார்களுக்கு. சைக்கிளுக்கு மேல் சாலை, 2,642 மீட்டர்.

ஏறும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே 30 டிகிரி என்றால் கலிபியேயில் 17, 18 இருக்கும், வியர்வையோடு 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் ஜூலையிலும் தேவை.

இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் பெரிய தவறு. ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக்கில் பேட் (பிரேக் கட்டை) பளபளத்துப் பிடிப்பு போகும். நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, கண் வளைவு முடியும் இடத்தில். டிஸ்க் பேட் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள்.

கலிபியே பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். கணவாய் திறந்திருக்கிறதா என்று அடிவாரப் பலகையில் போட்டிருப்பார்கள். கோடையில் சில நாள் காலையில் வண்டிகளை நிறுத்திச் சில கணவாய்களைச் சைக்கிளுக்கு மட்டும் விடுகிறார்கள். ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் அந்தத் தேதிகளைக் கேட்டுத் திட்டம் போடுங்கள். பழைய கையேடுகள் சொல்லும் லா பெரார்து பாதையை நம்பிப் போகாதீர்கள், 2024 ஜூன் வெள்ளம் அந்தக் கிராமத்தைச் சிதைத்துவிட்டது. பிளான் லஷாவில் நிற்கும்போது மேலே மேகம் கறுத்திருந்தால் வல்லுவாருக்குத் திரும்பிவிடுங்கள். உச்சி வரை ஒதுங்க மரம்கூட இல்லை.