கைவேலை வராத கைக்கு

கேள்வி: எனக்குக் கைவேலை அவ்வளவாக வராது. ஆனாலும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு உறவினர் அனைவருக்கும் என் கையால் செய்த பரிசுகளையே கொடுக்க ஆசை. போன வருடம் நாத்தனாருக்கு ரோஜாப்பூ வேலைப்பாடு போட்ட தலையணை உறை கொடுத்தேன். "இது காலிஃபிளவரா?" என்று கேட்டுவிட்டார். உழைப்பின் அருமை ஏன் யாருக்கும் தெரிவதில்லை? - ஒரு வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: உங்கள் நாத்தனாருக்கு வாய்த்துடுக்கு அதிகம்தான். இருந்தாலும் அவர் நிலைமையையும் பாருங்கள். அந்த உறையைப் போட்டால் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். போடாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள். உழைத்தீர்கள், சரி. அதற்காக அடுத்தவர் வீட்டில் நிரந்தர இடம் கேட்பது என்ன நியாயம்?

தங்கிவிடும் பொருளை விட்டுவிட்டு, தீர்ந்துபோகும் பொருளாகச் செய்யுங்கள். அச்சுமுறுக்கு இருக்கவே இருக்கிறது. இதழ் வளைவை எல்லாம் அச்சே பார்த்துக்கொள்ளும். பூவா, காலிஃபிளவரா என்ற வழக்கே எழாது.

அதற்கும் பக்குவம் உண்டு. புது இரும்பு அச்சு முதலில் மாவை விடாது; இரண்டு மூன்று நாள் எண்ணெயில் ஊறட்டும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். சுடும்போது அச்சைக் கொதிக்கும் எண்ணெயிலேயே காயவைத்து, முக்கால் உயரத்துக்கு மட்டும் மாவில் தோய்க்க வேண்டும். 'சுர்'ரென்று சத்தம் வரும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அச்சு ஆறிப்போனாலும் மாவு ஒட்டாது, அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் ஒட்டாது. முதல் ஈடு உடையும். அதை வீட்டிலேயே தின்று தீர்த்துவிடுங்கள்.

எல்லாருக்கும் இதையேதான் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு விதம் என்று இறங்கினால் ஒவ்வொருவர் கையிலும் உங்கள் முதல் முயற்சிதான் போய்ச் சேரும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் ஐந்தாவது டப்பாவுக்குள் கை தேறிவிடும்.

வாழ்த்து அட்டை வேண்டுமானால், தயவுசெய்து படம் வரைய உட்காராதீர்கள். 1843இல் லண்டனில் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்ட ஹென்றி கோல்கூடத் தாமே வரையவில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம்தான் கேட்டு வாங்கினார். கோலுக்கு எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. உங்களுக்கு இருக்கிறதே! வெள்ளைத்தாளில் நான்கு வரி, அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துகிறபடி எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். "சரியாக வரவில்லை, மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். கடிக்கும் முன்பே குறையைத் தேட வைக்கும் வரி அது.

முறுக்கு முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் நமுத்துவிடும். டிசம்பர் 20க்குள் சுட்டு முடித்துவிடுவது நல்லது. அதற்குமேல் வீட்டில் கேரல் குழுவுக்குக் காபி போடவே அடுப்பு சரியாக இருக்கும்.