கதைப் பட்டறையில் சேருமுன் நிமிடங்களை எண்ணுங்கள்

கேள்வி: நான்கு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். 12 கதைகள் கைவசம் இருக்கின்றன, மூன்று வெளிவந்திருக்கின்றன. கதை சொல்லும் கலையை முறையாகக் கற்க ஒரு பட்டறையில் சேர ஆசை. இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று 20 பேர் கலந்துகொள்ளும் இரண்டு நாள் முகாம். இன்னொன்று வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், ஆறு வாரங்களுக்கு; அதில் 8 பேர்தான். எதில் சேரலாம்? எந்தக் கதையைக் கொண்டுபோவது? அம்மா இறந்ததைப் பற்றி அண்மையில் ஒன்று எழுதினேன், அதுதான் என் சிறந்த கதை என்று நினைக்கிறேன். நாலு பேர் முன்னால் கதையைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எழுத்தையெல்லாம் சொல்லித்தர முடியாது என்று நண்பர்கள் வேறு சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936 முதல் நடக்கிறது. இந்த வகைப் படிப்புகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. எழுத்தைக் கற்றுத்தர முடியாது என்ற பேச்சை அவர்களே ஓரளவு ஒப்புக்கொள்கிறார்கள். இருக்கிற திறமையை வளர்க்கலாம் என்பதுதான் அவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. சொல்ல ஒன்றும் இல்லாதவருக்கு எந்தப் பட்டறையும் கதை கொடுக்காது. ஆனால் சொல்ல இருப்பவரின் கதை வாசகரிடம் போய்ச் சேராமல் எந்த வரியில் வழுக்கி விழுகிறது என்பதைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம். நாம் எழுதாமல் விட்டதையும் நம் மூளை சேர்த்தே படித்துவிடுகிறது. அது தெரியாத ஏழு பேர் படிக்கும்போதுதான் ஓட்டை தெரியும். பட்டறையில் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான்.

இப்போது எதில் சேருவது என்ற கணக்கு. முகாமில் நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 12 மணி நேரம். வாராந்திர வகுப்பிலும் ஆறு வாரத்துக்கு அதே 12 மணி நேரம்தான். இரண்டிலும் பாதி நேரம் உரைக்கும் பயிற்சிக்கும் போய்விட்டால் மீதி 360 நிமிடம். 20 பேருக்குப் பிரித்தால் உங்கள் கதைக்கு 18 நிமிடம். 8 பேருக்குப் பிரித்தால் 45 நிமிடம். 18 நிமிடத்தில் ஒரு கதையைப் பற்றி நல்லா இருக்கு, முடிவு மட்டும் கொஞ்சம் என்று இழுப்பதற்குள் அடுத்தவர் கதை வந்துவிடும். வாராந்திர வகுப்பில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டாம் வாரம் அடி வாங்கிய கதையைத் திருத்தி ஐந்தாம் வாரம் மறுபடி காட்டலாம். ஆகவே அதிலேயே சேருங்கள். முகாமில் நட்புகள் கிடைக்கும், உற்சாகம் கிடைக்கும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கேட்டது கலையைக் கற்பதைப் பற்றி.

சேருவதற்கு முன் நடத்துபவரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கதைகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்களா? அங்கேயே வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொல்லும் கருத்து பெரும்பாலும் மேலோட்டமாகத்தான் இருக்கும். அடுத்து, உங்கள் கதையைப் பேசும்போது நீங்கள் பேசலாமா, கூடாதா? எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது பழைய பட்டறை முறை. அதற்கு மாற்றாக லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990இல் ஒரு முறையை உருவாக்கினார். அதில் முதலில் மற்றவர்கள் தங்களைத் தொட்டதைச் சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அப்புறம் மற்றவர்கள் கேட்பார்கள், தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளாக. கருத்துச் சொல்வது கடைசியில்தான், அதுவும் படைத்தவரின் அனுமதியோடு. நடனத்திலிருந்து வந்தாலும் கதைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. உங்களைப் போல் பயம் உள்ளவர்களுக்கு இந்த முறை நல்லது. இருந்தாலும் வாய்மூடி இருக்கும் முறையையும் ஒருதரம் அனுபவித்துப் பாருங்கள். நான் போன முதல் பட்டறையில் அந்த விதி இல்லை. என் கதையின் நாயகன் ஏன் வேலையை விட்டான் என்று ஒருவர் கேட்டார். 20 நிமிடம் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் விளக்கியதில் ஒரு வரிகூடக் கதையில் இல்லை.

சரி, கிழிப்பதற்கு வருவோம். வாசகர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பதை அப்படியே நம்புங்கள். அதைச் சரிசெய்ய அவர் சொல்லும் வழியை நம்ப வேண்டியதில்லை. உதாரணத்துக்கு ஒரு தொடக்கம்:

“அப்பா மீது எனக்குத் தீராத கோபம் இருந்தது. பல வருடங்களாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அன்று மருத்துவமனையில் அவரைப் பார்த்ததும் என் மனம் உடைந்துபோனது.”

இதைப் பட்டறையில் வைத்தால் என்ன வரும் என்று ஊகிக்கலாம். ஒருவர், சண்டைக்கான காரணத்தை முன்கதையாக வையுங்கள் என்பார். இன்னொருவர், மகன் அழட்டும் என்பார். மூன்றாமவர், அப்பா இறந்த பிறகு ஆரம்பியுங்கள் என்பார். மூன்று வழியும் மூன்று திசை. ஆனால் மூன்று பேரும் விழுந்த இடம் ஒன்றுதான்: மனம் உடைந்தது என்ற இடத்தில் அவர்களுக்குள் எதுவும் உடையவில்லை. ஆகவே அந்த இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, வைத்தியத்தை நீங்களே தேடுங்கள். இப்படி ஆகலாம்:

“அப்பா கண்ணாடியைத் தேடினார். தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. தடவித் தடவி அவரே எடுத்து மாட்டிக்கொண்டு, ‘எப்ப வந்தே?’ என்றார்.”

கோபம் என்ற சொல்லே இல்லை. கொடுக்காமல் நின்ற கையில் அது இருக்கிறது. முன்கதையும் வேண்டியிருக்கவில்லை, கண்ணீரும் வேண்டியிருக்கவில்லை.

உடனே, சொல்லாதே, காட்டு என்பதைச் சட்டமாக்கிவிடாதீர்கள். பட்டறைகளில் இது மந்திரம் போல் ஓதப்படும். ஒரே ஒரு ஊர்ல என்று தொடங்கும் கதைகள் முழுக்கச் சொல்வதுதானே? பத்து வருடத்தை ஒரு வரியில் கடக்க வேண்டுமானால் சொல்லத்தான் வேண்டும். கதையின் கனம் எந்த நிமிடத்தில் இருக்கிறதோ அங்கே நின்று காட்டுங்கள், மற்றதைச் சொல்லிக் கடந்துபோங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் பட்டறையில் அவசியம் கேட்டுப்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் அதற்கு இடமிருக்காது. கதைசொல்லி ஒரு பாத்திரத்தை ‘அவன்’ என்கிறாரா, ‘அவர்’ என்கிறாரா? மேலே உள்ள பத்தியில் ‘அப்பா தேடினான்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கண்ணாடியைக் கொடுக்காத மகன் சட்டென்று வேறு ஆளாகிவிடுகிறான். கோபத்தில்கூட ‘தேடினார்’ என்று சொல்கிற மகனிடம் பழைய மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ‘ஆர்’ விகுதியே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. படர்க்கையில் எழுதும் கதைகளில் பலர் இதை யோசிக்காமலே எழுதுகிறார்கள். முதலாளி ‘அவர்’, வேலைக்காரர் ‘அவன்’ என்று கை தன்னால் போகிறது. யாருடைய பார்வை அது, கதைசொல்லியுடையதா, உங்களுடையதா? எட்டுப் பேர் இருக்கும் அறையில் இதைக் கேட்டால் ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

உங்கள் கதை பேசப்படும் அந்த 45 நிமிடத்தைத் தவிர மற்ற நேரத்தில் நீங்கள் அடுத்தவர் கதையைப் படிப்பவர். அதிகம் கற்பது அங்கேதான் என்பது என் அனுபவம். அச்சில் வந்த நல்ல கதையில் தையல் தெரியாது. பாதி வெந்த கதையில் எல்லாம் தெரியும்: மூன்றாம் பக்கத்தில்தான் கதை தொடங்குகிறது, உரையாடலில் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், கடைசிப் பத்தி ஏற்கெனவே புரிந்ததை விளக்குகிறது. அடுத்தவர் கதையில் இவற்றை நாலு தடவை பார்த்துவிட்டால் உங்கள் கதையில் கை தன்னால் நிற்கும். எனவே ஒவ்வொரு கதையையும் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பேனா வேண்டாம், வெறும் வாசகராக. கவனம் எங்கே சிதறியது, எங்கே முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டாம் முறை அந்த இடங்களில் ஏன் என்று தேடுங்கள். உங்கள் கருத்தைச் சொல்லும்போதும், இந்தப் பாத்திரம் சரியில்லை என்பதைவிட, இரண்டாம் பக்கத்தில் இவர் அண்ணனா நண்பரா என்று குழம்பினேன் என்று சொன்னால் எழுதியவருக்கு வேலை சுலபம்.

உங்கள் முறை வரும்போது நோட்டில் மற்றவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், பதில் எழுதாதீர்கள். அன்று இரவே திருத்த உட்காராதீர்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால், எரிச்சல் மூட்டிய கருத்துகளில் எது உண்மை என்று அமைதியாகத் தெரியும். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டியிருந்தால் அங்கே கண்டிப்பாகப் பழுது இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நீங்கள் என்ன கதை எழுத முயன்றீர்கள் என்று புரிந்துகொண்டவர் அவராக இருந்தால், மற்றவர்களைவிட அவர் முக்கியம். எல்லாருடைய யோசனையையும் ஏற்றுத் திருத்தினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத, யாருக்கும் நினைவில் நிற்காத கதை ஒன்று மிஞ்சும்.

எந்தக் கதையைக் கொண்டுபோவது? வெளிவந்த மூன்றும் வேண்டாம், அவற்றுக்குப் பாராட்டு வாங்கத்தான் மனம் ஏங்கும். பாக்கி இருப்பவற்றில், நன்றாகத் தொடங்கி எங்கேயோ சிக்கி, ஏன் என்று உங்களுக்கே பிடிபடாத கதை ஒன்று இருக்குமே, அது. 2,000 சொல்லுக்குள் இருந்தால் எல்லாரும் கவனமாகப் படிப்பார்கள். அனுப்புவதற்கு முன் ஒருதரம் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியங்களைப் பட்டறை வரை கொண்டுபோக வேண்டியதில்லை.

அம்மாவின் கதை இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கதையில் யாராவது, மரணக் காட்சி நம்பும்படி இல்லை என்று சாதாரணமாகச் சொல்வார். அவர் சொல்வது கதையைப் பற்றி, உங்கள் காதில் விழுவது அம்மாவைப் பற்றி. சிக்கிய கதையை முதல் சுற்றில் கொடுங்கள். ஐந்தாம் வாரத்துக்குள் மற்ற ஏழு பேரில் யார் எப்படிப் படிக்கிறார் என்று தெரிந்துவிடும். அம்மா கதையை அவர்களில் ஒருவரிடம் மட்டும், வகுப்பு முடிந்த பிறகு, தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.