சிறுநீர் போகவில்லை என்பது ஆறுதலா?

கேள்வி: எங்கள் ஆறு வயது டாஷ்ஹண்ட் நாய்க்கு நேற்று முன்தினம் திடீரெனப் பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. மாமியார் தைலம் தேய்த்து வருகிறார். நல்லவேளையாக, அன்றிலிருந்து அது சிறுநீர் கழித்து வீட்டை அசுத்தம் செய்யவில்லை. எங்கள் இருவருக்கும் வேலை, மகனுக்குத் தேர்வு. ஊசி போட்டு முடித்துவிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கடிதம் கிடைத்த அன்றே, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவசரத்தில் அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வீடு அசுத்தமாகவில்லை என்று நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட இந்த இனத்தில், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நெரிப்பது அடிக்கடி நடப்பது. அப்படி நெரிந்தால் கால்களோடு சேர்ந்து சிறுநீர்ப்பையும் செயலிழக்கும். நிரம்பிய பை வெளியேற வழியின்றி வீங்கினால் அதன் தசை தளர்ந்து கெடும், கிருமி பற்றும், சிறுநீரகமும் பழுதாகும். உங்கள் மகன் இரண்டு நாட்கள் சிறுநீர் கழிக்காமல் கிடந்திருந்தால், பாய் நனையவில்லை என்று மகிழ்ந்திருப்பீர்களா? ஓர் உயிர் தவிப்பதை உங்களுக்கு ஒரு வேலை குறைந்ததாகக் கணக்கிட்டதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

தைலம் தேய்ப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிடித்துவிடும்போது முதுகு அசைந்து நெரிசல் கூடும். நமக்கான வலி மாத்திரைகளில் ஒன்றையும் கொடுக்காதீர்கள், அவை நாய்க்கு நஞ்சாகும். மலைப்பாதையில் கோவைக்கு இறங்க நேர்ந்தால், தட்டையான பலகையில் படுக்கவைத்து, உடல் புரளாதபடி துணியால் கட்டிக் கொண்டுபோங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி பற்றி ஒரு சொல்லும் நீங்கள் எழுதவில்லை. அந்நோய்க்கான மருந்துப் பணிக்காக 1907 இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட குன்னூர் உங்கள் பக்கத்து ஊர். அந்த நோயும் சில நாய்களில் வாதமாகவே வெளிப்படும். ஊசி தவறியிருந்தாலோ, வேற்று நாய் கடித்திருந்தாலோ, அதன் வாயருகே யாரும் கை வைக்க வேண்டாம். மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

முடித்துவிடலாமா என்ற கேள்விக்கு உங்கள் வேலையும் மகனின் தேர்வும் காரணமாக முடியாது. விரல் எலும்பை அழுத்தும்போது நாய் வலியை உணர்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். உணர்வு இருந்தால், காலத்தோடு அறுவை சிகிச்சை செய்யப்படும் நாய்களில் பெரும்பாலானவை மீண்டும் நடக்கும். உணர்வு போயிருந்தாலும் ஏறக்குறைய பாதி தேறும். நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு குறையும். எந்தச் சிகிச்சையாலும் தீராத வேதனை என்று மருத்துவர் சொன்னால் மட்டுமே அந்த ஊசியைப் பற்றிப் பேசுங்கள்.

பிழைத்தால் வாரக்கணக்கில் கூண்டில் அசையாமல் வைத்திருக்க வேண்டும். புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தானாகக் கழிக்கும்வரை, நாளில் மூன்று நான்கு முறை வயிற்றைப் பக்குவமாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். இதை மருத்துவரிடம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து கொஞ்சிய நாயை மாமியார் ஒருவர் தலையில் கட்டுவது குடும்பம் நடத்தும் முறையாகாது. தேர்வைக் காட்டி மகனை விலக்காதீர்கள். மாலையில் புரட்டிப் படுக்கவைப்பது அவன் பொறுப்பாக இருக்கட்டும்.