பலசரக்குப் பணம் 20-ம் தேதியே தீர்ந்துபோவது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பால், கேஸ் போக, சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் ஒதுக்குகிறேன். 1-ம் தேதி சிட்டை எழுதி 5,000 ரூபாய்க்குப் பலசரக்கு வாங்கிவிடுவேன். மீதிப் பணம் 20-ம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் தெருமுனை அண்ணாச்சி கடையில் பற்றுதான். மாசக் கடைசியில் அது 2,000 ஆகியிருக்கும். சம்பளம் வந்ததும் ஒதுக்கின பணத்தில் முதல் வேலையாக அதை அடைப்பேன். ஆக மொத்தம் 12,000 ஆகிறது. எதைக் குறைப்பது என்றே புரியவில்லை.

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் கணக்கை அப்படியே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டுச் செலவு 12,000 இல்லை, 10,000தான்.

எப்படி என்று பாருங்கள். 1-ம் தேதி கையில் 10,000. அதில் பழைய பற்று 2,000 போய்விடுகிறது. மீதி 8,000. சிட்டைக்கு 5,000 போனால் 3,000 மிச்சம். அது 20-ம் தேதி வரை வருகிறது. பிறகு பத்து நாளைக்கு 2,000 ரூபாய்ப் பற்று. சிட்டை 5,000, ரொக்கம் 3,000, பற்று 2,000. இந்த மாதம் நீங்கள் சமைத்துச் சாப்பிட்டது இவ்வளவுதான். முதலில் அடைத்த 2,000 போன மாதத்துச் சாப்பாடு. அதையும் சேர்த்துக் கூட்டுவதால்தான் 12,000 வருகிறது.

அப்படியானால் எப்போதோ ஒரு மாதம் 2,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கிறது. தீபாவளியாக இருக்கலாம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த நேரமாக இருக்கலாம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போன செலவாகவும் இருக்கலாம். அந்த ஒரு மாதத்துத் துண்டுதான் இன்னும் மாதத்துக்கு மாதம் உருண்டு வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் ஊதாரி இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தன்னால் சிக்கனமாக இருக்க முடியவில்லை என்று நினைத்துப் பலர் கணக்கு எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரொக்கமாக வாங்கும் 20 நாளில் 3,000, அதாவது ஒரு நாளைக்கு 150. பற்றில் வாங்கும் 10 நாளில் 2,000, ஒரு நாளைக்கு 200. அதே வீடு, அதே ஐந்து பேர். மாசக் கடைசியில் சிட்டைச் சாமான் சில தீர்வதும் ஒரு காரணம்தான். ஆனால் நோட்டில் எழுதும்போது விலை கேட்கக் கூச்சமாக இருக்கும். பிள்ளையை அனுப்பினால் கால் கிலோ சீனியோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வரும். பற்று கொடுக்கும் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கையில் காசில்லாத நாளில் எத்தனையோ வீடுகளுக்கு அரிசி அளந்து கொடுத்தவர்கள் அவர்கள். அவரிடமே சொல்லுங்கள்: “அண்ணாச்சி, இனி 1,500-க்கு மேலே எழுத வேண்டாம்.” சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்.

பற்றை ஒரேயடியாக அறுக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். மாதம் 500 ரூபாய் குறைத்தால் போதும். முதல் மாதக் கடைசியில் பற்று 1,500, இரண்டாம் மாதம் 1,000, மூன்றாம் மாதம் 500, நாலாம் மாதம் ஒன்றுமில்லை. ஐந்தாம் மாதம் 1-ம் தேதி உங்கள் கையில் முழு 10,000 இருக்கும். இந்த 500-ஐ இரண்டு இடத்திலிருந்து எடுக்கலாம்: சிட்டையில் 300, அன்றாடச் செலவில் 200.

சிட்டையைப் பெரும்பாலான வீடுகளில் போன மாதச் சிட்டையைப் பார்த்தே எழுதுகிறார்கள். டப்பாவைத் திறந்து பார்த்து எழுதுங்கள். அரைக் கிலோ கடலைப்பருப்பு கிடக்கும்போது இன்னொரு கிலோ வந்து சேர்ந்தால் அடியில் கிடப்பதில் வண்டு வைக்கும். எண்ணெய் பாக்கெட், மல்லிப்பொடி, காப்பித்தூள் எதைப் பிரித்தாலும் பிரித்த தேதியைப் பேனாவால் அதன்மேல் எழுதிவையுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை நாள் வருகிறது என்று இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர்.

ரேஷன் சாமானை வாங்கிய பிறகு சிட்டை எழுதுங்கள். உங்களுடையது அரிசி அட்டையாக இருந்தால் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். ஐந்து பேர் உள்ள அட்டைக்குச் சீனி 2 கிலோ கிடைக்கும். இதையெல்லாம் வாங்கி யாருக்காவது கொடுத்துவிட்டுக் கடையில் தனியாக வாங்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்பவர் என்றால், கடை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்திலேயே அந்த 300-இல் பெரும்பகுதி வந்துவிடும். ரேஷன் புழுங்கலரிசியை இட்லி மாவுக்குப் போடலாம். தனியாக இட்லி அரிசி வாங்கிப் பழக்கமென்றால் அம்பை 16 என்ற அந்த இட்லி அரிசியைப் பாதி, ரேஷன் அரிசியைப் பாதி சேர்த்து ஊறப்போட்டுப் பாருங்கள், இட்லி நன்றாகவே வரும். கடை மாவு பாக்கெட் வாங்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு கிடைக்கும்.

அரிசியை மூட்டையாக வாங்கினால் ஒரு விஷயம். 25 கிலோ வரையுள்ள, பெயர் அச்சிட்ட மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேலே போனால் இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது இதனால்தான். மூட்டை விலையைக் கேட்காமல் கிலோ விலையைக் கேளுங்கள். பாக்கெட் சாமானிலும் அப்படியே. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை எம்.ஆர்.பி.யோடு அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பார்த்து வாங்குங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருப்பதில்லை.

இனி அன்றாடச் செலவு. நம்மூரில் இதைப் பேசினால் தேங்காயில்தான் போய் நிற்கும். சொதி, அவியல், கூட்டாஞ்சோறு, சட்னி, அரைத்துவிட்ட குழம்பு என்று எதை எடுத்தாலும் தேங்காய். 2025-இல் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தில் பல வீட்டுக் கணக்கு ஆட்டம் கண்டது. தேங்காயை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, மாமியாரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு நாளைக்கு ஒரு காய் என்பதை மூன்று நாளைக்கு இரண்டு காய் என்று ஆக்குங்கள். மாதம் பத்துக் காய் மிஞ்சும். காய் 25 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 250 ரூபாய். குழம்புக்குத் தேங்காய் அரைத்த அன்று இட்லிக்கு மிளகாய்ப்பொடியோ பொரிகடலைச் சட்னியோ வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்கலாம். உரித்த காயைக் குடுமியோடு வைத்தால் சீக்கிரம் அழுகாது. உடைத்த பிறகு கண் உள்ள மூடிதான் முதலில் கெடும், அதை முதலில் துருவிவிடுங்கள்.

காய்கறிக்கு வாரம் இரண்டு முறை காலையிலேயே மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போய் வாருங்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். தெருவில் வாங்கும்போது ஒப்பிட அது உதவும். பல்லாரியும் (பெரிய வெங்காயம்) உள்ளியும் (சின்ன வெங்காயம்) மட்டும் சேர்த்து வாங்கிக் காற்றாடப் பரப்பிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏறத்தான் செய்யும். அந்த வாரங்களில் சித்திரை வெயிலில் போட்டுவைத்த வத்தலும் தட்டப்பயறும் குழம்புக்கு வரட்டும். மீனும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை கூடும். அப்போது முட்டையும் கருவாடும் போதும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் மாதம் பழைய பற்று 2,000, சிட்டை 4,700 போக 3,300 இருக்கும். அதை 1,100 வீதம் மூன்று கவரில் போடுங்கள்: 1 முதல் 7, 8 முதல் 14, 15 முதல் 21 வரை. நாலாவது வாரத்துக்கு 1,100-ம், 29-க்கு மேல் வரும் இரண்டு மூன்று நாளைக்கு 400-ம் பற்றாக இருக்கட்டும். கூட்டினால் அந்த 1,500 சரியாக வரும். அடுத்த மாதங்களில் கையில் ரொக்கம் 500 கூடும்போது நாலாவது கவரும் நிரம்பத் தொடங்கும். மாதத்தை நாலு வாரம் என்று எண்ணி, கடைசி இரண்டு மூன்று நாளை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த நாலு மாதமும் கடையில் போனை ஸ்கேன் பண்ணிக் காசு கொடுப்பதை நிறுத்திவையுங்கள். கவரில் பணம் குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அன்றன்றைய செலவை, கிழித்த தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஆணியில் குத்திவைத்தால் போதும், தனி நோட்டு வேண்டியதில்லை.

விருந்தாளி வரும் மாதங்களை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஆனித் தேர், தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரம். அந்த மாதங்களுக்கு 10,000 போதாது, அதற்கென்று தனியாகச் சேர்க்க வேண்டும். பற்று முடிந்த ஐந்தாம் மாதத்திலிருந்து மிஞ்சும் 500-ஐ ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். அதில் ஒரு பங்கை மாசி, பங்குனியில் எடுத்துப் புதுப் புளியும் மிளகாய் வத்தலும் வருஷத்துக்கு வாங்கிவிடலாம். புளியைக் கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புத் தூவிப் பீங்கான் ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை சிட்டையில் புளி எழுத வேண்டியிருக்காது.