புதுக் கார்: தவணையைச் சொல்லாதீர்கள், விலையைக் கேளுங்கள்

புதுக் கார் வாங்கப் போகும்போது விற்பனையாளரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில கடிதங்கள் வாங்கி முடித்த பிறகு எழுதப்பட்டவை. அவர்களுக்கு ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடியும். மற்றவர்களுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே, “மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?” என்று கேட்டார்கள். என்னால் முடிந்ததைச் சொன்னேன். அதற்குள்ளேயே முடித்துத் தந்துவிட்டார்கள். என் மைத்துனர் தாளைப் பார்த்துவிட்டு, நான் நன்றாக ஏமாந்துவிட்டதாகச் சொல்கிறார். கேட்ட தவணைக்கு வண்டி கிடைக்கிறதே, இதில் ஏமாற்றம் எங்கே வந்தது? இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மைத்துனர் சொல்வது சரி.

நீங்கள் சொன்னது ஒரே ஓர் எண். அந்த எண்ணுக்குள் எதை வேண்டுமானாலும் அடைத்துவிடலாம். கணக்குப் போட்டே பார்ப்போம். கடன் 1,00,000; எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டக் கட்டக் குறைந்துவரும் மீதிக் கடனுக்கு மட்டும் 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 2,125. இப்போது விற்பவர் விலையை 10 சதவீதம் ஏற்றி 1,10,000 ஆக்குகிறார். கூடவே காலத்தை 7 வருடமாக நீட்டுகிறார். தவணை சுமார் 1,826 ஆகிறது. விலை ஏறியிருக்கிறது, தவணையோ 300 இறங்கியிருக்கிறது! “உங்களுக்காகக் குறைத்திருக்கிறோம்” என்று அவர் சொன்னால் அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் முதல் கணக்கில் நீங்கள் கட்டி முடிப்பது மொத்தம் 1,27,500 அளவு. இரண்டாவதில் 1,53,400 அளவு. அதே வண்டி, அதே நான்கு சக்கரம்.

இந்த வித்தை தொழிலில் பழையது. சில இடங்களில் ஒரு வெள்ளைத் தாளில் கூட்டல் குறி போலக் கோடு இழுத்து நான்கு கட்டமாக்குவார்கள். ஒன்றில் வண்டியின் விலை, ஒன்றில் உங்கள் பழைய வண்டிக்குத் தரும் மதிப்பு, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. நீங்கள் விலையில் முரண்டு பிடித்தால் பேச்சு பழைய வண்டிக்குத் தாவும். அங்கே கொஞ்சம் ஏற்றித் தருவார்கள். நீங்கள் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் முன்பணம் கூடியிருக்கும். இடது கையால் கொடுத்ததை வலது கையால் வாங்கிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். தாள் முழுக்க அடித்தலும் திருத்தலுமாக ஆன பிறகு, ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள். பேனாவும் கூடவே வரும். வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் தவணைதான்.

ஆகவே அந்த நான்கு கட்டங்களையும் நீங்கள் ஒவ்வொன்றாகப் பேசுங்கள். அவர்கள் கலக்க இடம் கொடுக்காதீர்கள். முதலில் விலை மட்டும். தவணையைப் பற்றிக் கேட்டால், “கடனைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. வரி, பதிவு, காப்பீடு, உங்கள் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து நான் தரவேண்டிய மொத்தத் தொகையை வரிவரியாக எழுதிக் கொடுங்கள்” என்று சொன்னால் போதும். “ரொக்கம் தருகிறேன்” என்று மார்தட்ட வேண்டாம். ரொக்கக்காரருக்குத் தனி மரியாதை உண்டு என்பது பழைய நினைப்பு. கடன் ஏற்பாடு செய்து தருவதில் கடைக்குக் கமிஷன் கிடைக்குமென்றால், நீங்கள் கடன் வாங்குவீர்கள் என்ற நம்பிக்கையே விலையைக் கொஞ்சம் இறக்க உதவும்.

விலை எழுத்தில் வந்த பிறகு பழைய வண்டியைப் பற்றி வாயைத் திறங்கள். அதற்கும் முன்கூட்டியே வெளியில் இரண்டு இடத்தில் மதிப்புக் கேட்டு வைத்திருங்கள். கடைசியாகக் கடன். உங்கள் வங்கியில் என்ன வட்டி என்று முதலிலேயே விசாரித்திருந்தால், கடைக்காரர் சொல்லும் வட்டி மலிவா, இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கேள்வி: வங்கியில் 10 சதவீதம் சொல்கிறார்கள். ஷோரூமில் “வெறும் 7 சதவீதம் ஃபிளாட் ரேட்” என்கிறார்கள். ஷோரூம்தானே லாபம்?

பதில்: இல்லை. ஃபிளாட் ரேட்டில் நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைவதே வட்டிக் கணக்கில் தெரியாது. 1,00,000 வாங்கி நான்கு வருடம் கட்டி முடித்திருப்பீர்கள்; ஐந்தாவது வருடமும் முழு லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். 7 சதவீத ஃபிளாட், 5 வருடம் என்றால் வட்டி 35,000, தவணை 2,250. வங்கி சொல்லும் கணக்கில் இது கிட்டத்தட்ட 12.5 சதவீதத்துக்குச் சமம். வங்கியின் 10 சதவீதத்தில் தவணை 2,125 என்று மேலேயே பார்த்தோம். சதவீதத்தை விட்டுவிட்டு, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அதோடு பரிசீலனைக் கட்டணம் உண்டா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் தனியாகச் சம்பாதித்து, தனியாக முடிவெடுத்து வாங்கும் பெண். ஷோரூமுக்கு என் தம்பியை அழைத்துக்கொண்டு போனபோது, என் கேள்விகளுக்கெல்லாம் விற்பனையாளர் அவனைப் பார்த்துப் பதில் சொன்னார். தனியாகப் போனால் விலையைக் கூட்டிச் சொல்வார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது. இது என் கற்பனையா?

பதில்: கற்பனை என்று ஒதுக்க முடியாது அம்மா. இயன் ஏர்ஸ், பீட்டர் சீகல்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆண்கள், பெண்கள், வெள்ளையர், கறுப்பினத்தவர் எனப் பலரையும் பயிற்றுவித்து, ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி வசனம், ஒரே மாதிரி பேர உத்தியோடு புதுக் கார் கடைகளுக்கு அனுப்பினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். 1995-ல் வெளியான முடிவு: வெள்ளை ஆண்களுக்கே குறைந்த விலை சொல்லப்பட்டது; பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதல். பேசிய வசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஆளைப் பார்த்துத்தான் எண் மாறியிருக்கிறது.

அதற்கு வழி தம்பியை இன்னும் முன்னால் தள்ளுவதில் இல்லை. ஆளைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். எந்த மாடல், எந்த ரகம், எந்த நிறம், என்னென்ன வசதிகள் என்று வீட்டிலேயே முடிவு செய்து, குறைந்தது மூன்று ஷோரூம்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பி, மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். ஒருவர் பதில் போடமாட்டார். ஒருவர் “நேரில் வாருங்கள் மேடம், பேசிக்கொள்ளலாம்” என்பார். மூன்றாமவர் விலையை எழுதுவார். எழுதியவரின் விலையை மற்ற இருவருக்கும் அனுப்பினால் அவர்களுக்கும் எழுத வந்துவிடும்.

பிறகு தாளோடு தனியாகப் போங்கள். உங்கள் கேள்விக்கு விற்பனையாளர் வேறு யாரையோ பார்த்துப் பதில் சொன்னால், “வாங்குவது நான். வேறு ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்” என்று மேலாளரிடம் கேட்பதில் தவறே இல்லை. என்னைக் கேட்டால் அந்த முதல் ஷோரூமுக்கு இனிப் போகவே மாட்டேன்.

கேள்வி: விலை பேசும்போதெல்லாம் விற்பனையாளர், “மேலாளரைக் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று எழுந்து போய்விடுகிறார். அரை மணி நேரம் ஆகிறது. உண்மையிலேயே கேட்கிறார்களா?

பதில்: சில நேரம் உண்மைதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தர விற்பனையாளருக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் காத்திருப்பதே ஒரு கருவி. இரண்டு மணி நேரம் செலவழித்துவிட்டோம், வெறுங்கையோடு திரும்புவதா என்ற எண்ணம் உங்கள் பக்கம்தான் வளரும். அவர் பக்கம் வளராது, அவருக்கு அது சம்பள நேரம்.

ஒருமுறை நான் இப்படிக் காத்திருந்தபோது எதிரே கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. “மேலாளரிடம் போராடிக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர், அங்கே தனியாக நின்று தண்ணீர் குடித்தார், கைபேசியைப் பார்த்தார், சுவரில் இருந்த நாள்காட்டியைக்கூட ஒருமுறை பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. பத்து நிமிடம் கழித்து நெற்றியைத் துடைத்தபடி வந்து, “ரொம்பக் கஷ்டப்பட்டு வாங்கியிருக்கிறேன் சார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்; அதற்குப் பிறகு நடந்த பேச்சு நேர்மையாகவே இருந்தது.

இதற்கு எளிய மருந்து: அவர் எழும்போது நீங்களும் எழுந்துவிடுங்கள். “அடுத்த ஷோரூமுக்குப் போக வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு ஃபோனில் சொல்லுங்கள்” என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தால், மேலாளர் வியக்கத்தக்க வேகத்தில் கிடைப்பார். கிடைக்காவிட்டால் உண்மையிலேயே கிளம்பிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தபடி நடப்பவரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

உங்கள் பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கவென்று அவர்கள் கேட்டு வாங்கிய சாவியும் உங்கள் ஓட்டுநர் உரிமமும் அவர்கள் மேசையில் இருந்தால் எழுந்து போவது கடினம். வேலை முடிந்ததும் இரண்டையும் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதக் கடைசியில் போனால் விலை குறையும் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலும் உண்மை. விற்பனையாளருக்கும் கடைக்கும் மாத இலக்கு, காலாண்டு இலக்கு உண்டு. தயாரிப்பு நிறுவனம் இலக்கைத் தொட்ட கடைக்குத் தனி ஊக்கத்தொகை தரும் வழக்கமும் உண்டு. இலக்குக்கு ஒரே ஒரு வண்டி குறையும் நாளில் நீங்கள் போனால், உங்கள் வண்டியை நஷ்டத்துக்குக் கொடுத்தாலும் அவர்களுக்கு லாபம். ஆனால் இலக்கைத் தாண்டிவிட்டார்களா, தாண்டப் போவதில்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் காத்திருக்க ஆளிருக்கும் மாடலுக்கு எந்தத் தேதியும் உதவாது. அதைவிட உறுதியானது, மாடல் மாறும் நேரம்: புது வடிவம் வந்ததும் கிடங்கில் நிற்கும் பழைய வடிவம் கடைக்குச் சுமை. அதை வாங்கி நெடுநாள் ஓட்டப்போகிறவருக்கு நல்ல பேரம். இரண்டு வருடத்தில் விற்பவருக்கு, இப்போது கிடைக்கும் தள்ளுபடி அப்போது போய்விடும்.

கேள்வி: பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, அடிப்பாகப் பூச்சு, டயருக்கு நைட்ரஜன் எல்லாம் “ஏற்கெனவே போட்டுவிட்டோம், எடுக்க முடியாது” என்று விலைப்பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

பதில்: கேட்காமல் போட்டது அவர்கள் செலவு. அந்த வரிகளை அடித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது அவை போடாத வண்டியைக் கேளுங்கள். நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கூடுதல் உத்தரவாதத்தை மட்டும் உடனே மறுக்க வேண்டாம்; ஆனால் டெலிவரி நாளன்றே வாங்கியாக வேண்டுமா, பிறகும் வாங்கலாமா என்று கேளுங்கள். பிறகும் வாங்கலாம் என்றால் வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: ஷோரூமில் விற்பனை செய்யும் பையன் இரண்டு நாள் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினான். அவனிடம் போய்ப் பேரம் பேச வெட்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மனம் நல்லது. அந்த மனத்தை அவர் மேலதிகாரியிடம் நாலு வரிப் பாராட்டுக் கடிதமாகக் காட்டுங்கள். அது அவருக்கு வேலையில் உதவும். வேறொரு கடை குறைத்துத் தந்தால் அவரிடமே முதலில் போய், “இந்த விலைக்குத் தந்தால் உங்களிடமே வாங்குகிறேன்” என்று சொல்லுங்கள். அவர் உழைப்புக்கு நீங்கள் தரும் மரியாதை அது. அதற்கு மேல் பணமாகத் தர வேண்டியதில்லை.

கேள்வி: எல்லாம் பேசி முடித்துவிட்டேன். நாளை டெலிவரி. இனிக் கவனிக்க ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. பகல் வெளிச்சத்தில் போங்கள். வண்டியின் 17 எழுத்து அடையாள எண் காகிதத்திலும் வண்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். சில மாதம் முன்பின் இருப்பது இயல்பு. ஒன்றரை வருடப் பழையது என்றால் வண்டியும் அவ்வளவு நாள் எங்கோ வெயிலில் நின்றிருக்கலாம்; தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். ஐந்து டயரும் ஏறத்தாழ ஒரே காலத்தவையா என்றும் பாருங்கள். ஓடிய தூரம் நூறுகளில் இருந்தால், அது மற்றவர்கள் ஓட்டிப் பார்த்த வண்டியா என்று விசாரியுங்கள். இதெல்லாம் முடியும்வரை, எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.